வீட்டில் விஞ்ஞானம் படிப்பிக்க எந்தப் பாடத்திட்டம்?

என் மகனையும் அக்காவின் மகளையும் வெள்ளவத்தையில் எங்கள் வீட்டில் வைத்தே படிப்பிப்பது என்று முடிவான பிறகு, கணிதத்துக்கும் மொழிக்கும் பாடத்திட்டம் தேடுவதில் அதிக தலையிடி இருக்கவில்லை. விஞ்ஞானம்தான் இழுபட்டது. இருவரும் தரம் 7இல் படிக்கும் வயதுடைய பிள்ளைகள். இருவருக்கும் வாசிப்பு மெதுவாகவே ஓடும். ஒரு பக்கத்தில் நான்கைந்து புதிய கலைச்சொற்கள் வந்தால் மகன் புத்தகத்தை மூடிவிடுவான். பெறாமகளோ பக்கம் முழுவதையும் பாடமாக்கி ஒப்புவித்துவிட்டு, கேள்வியைச் சற்று மாற்றிக் கேட்டதும் விழிப்பாள். இருவருக்கும் பாரமாக இருந்தது விஞ்ஞானமல்ல, அதைச் சொல்லும் வாக்கியங்கள்தான் என்பதே என் கணிப்பு.

வீட்டுக்கல்விக்கென்றே தயாரிக்கப்படும் பொதிகளில் பெரும்பாலானவை அமெரிக்காவிலிருந்து வருபவை. நாளாந்த அட்டவணையுடன் வருவதால் பெற்றோருக்கு வசதிதான். ஆனால் அங்குலமும் பரன்ஹைட்டும் நிறைந்த பக்கங்களையும், கொழும்புப் பிள்ளை கண்டிராத இலையுதிர்காலத்தையும் விளங்கப்படுத்துவதிலேயே பாதி நேரம் போய்விடும். தவிர, அவற்றுள் சில சமய நம்பிக்கையின் அடிப்படையில் எழுதப்பட்டு, உயிரினங்கள் காலப்போக்கில் மாறி உருவாகின என்ற கூர்ப்புக் கொள்கையை மறுப்பவை. பொருளடக்கத்தைப் பார்க்காமல் காசு அனுப்பக் கூடாது. கேம்பிரிட்ஜின் 'கீழ் இடைநிலை' (Lower Secondary) பாடத்திட்டம் ஒழுங்கானது, ஆயினும் அதன் ஆங்கிலம் எங்கள் பிள்ளைகள் இருவருக்கும் இன்னொரு சுவர்.

கடைசியில் நான் தெரிவு செய்தது பலரும் உதாசீனம் செய்யும் அரசாங்கப் பாடத்திட்டத்தைத்தான். மகரகமவிலுள்ள தேசிய கல்வி நிறுவகம் வகுத்த இத்திட்டத்தில் மின், ஒளி, உயிரினப் பல்வகைமை போன்ற தலைப்புகள் தரம் 6 தொடக்கம் திரும்பத் திரும்ப, ஒவ்வொரு முறையும் சற்று ஆழமாக வருகின்றன. ஆகவே பின்தங்கிய பிள்ளையை ஒரு தரம் கீழிறக்கித் தொடங்கினாலும் பெரிதாக எதுவும் தவறிப்போவதில்லை. கல்வி வெளியீட்டுத் திணைக்களம் பாடநூல்களைச் சிங்களம், தமிழ், ஆங்கிலம் ஆகிய மும்மொழிகளிலும் இணையத்தில் இலவசமாகத் தருகிறது. தமிழ்ப் பக்கத்தையும் ஆங்கிலப் பக்கத்தையும் அருகருகே திறந்து வைக்கலாம். வீட்டில் தமிழும் முன்னைய வகுப்பில் ஆங்கிலமும் என வளர்ந்த பிள்ளைக்கு எந்த விலையுயர்ந்த பொதியும் இந்த வசதியைத் தராது. ஆசிரியர் வழிகாட்டியையும் இறக்கிக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு தேர்ச்சிக்கும் உரிய கற்றற்பேறு, அதாவது பாடத்தின் முடிவில் பிள்ளைக்கு என்ன தெரிந்திருக்க வேண்டும் என்பது, அதில் இருப்பதால், எதை விடலாம், எதை விடக்கூடாது என்று துணிந்து முடிவெடுக்கலாம்.

பாடநூலின் வரிசையை மட்டும் நான் மாற்றிக்கொண்டேன்: முதலில் செய்கை, பிறகு பேச்சு, கலைச்சொல் கடைசியில். அமிலமும் மூலமும் படித்தபோது செவ்வரத்தம்பூ இதழ்களைச் சுடுநீரில் ஊறவைத்து வடித்தோம். தேசிக்காய்ச் சாறு விட்ட கிண்ணம் சிவந்தது, அப்பச்சோடா கரைசல் விட்டது பச்சையானது. சவர்க்கார நீர் எந்தப் பக்கம் போகும் என்று இருவரும் பந்தயம் கட்டினார்கள். "தேசிக்காய் விட்டால் பிளேன்ரீ வெளிறுமே சித்தி, அதுவும் இதுதானோ?" என்று பெறாமகள் கேட்டாள். அதன் பிறகுதான், அமிலமா மூலமா என்பதை நிறமாற்றத்தால் காட்டும் பொருளுக்குரிய 'காட்டி' என்ற சொல்லைக் கரும்பலகையில் எழுதினேன். ஒருவரும் அதைப் பாடமாக்க வேண்டியிருக்கவில்லை.

எந்தத் திட்டமானாலும் ஒரு வருடத்துக்கும் சேர்த்து வாங்குவதற்கு முன் ஓர் அத்தியாயத்தை முழுதாக நடத்திப் பார்ப்பது நல்லது. முடிவில் எழுத்துப் பரீட்சை வைக்காமல், தாத்தாவுக்கோ அயலவருக்கோ பிள்ளை அதை வாயால் விளங்கப்படுத்துகிறதா என்று கவனித்தால் போதும். சோதனைப் பெட்டி என்று விற்பவற்றுக்கும் அவசரப்பட வேண்டாம்; தரம் 7க்கு வேண்டிய மின்குமிழ், வயர், காந்தம் எல்லாம் புறக்கோட்டையில் மலிவாகவே கிடைக்கும்.

சாதாரண தரப் பரீட்சைக்குத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் தோற்றலாம், அங்கே விஞ்ஞானம் அடிப்படைப் பாடங்களில் ஒன்று. அதனால் தரம் 9 அளவில் எழுதிப் பழகுவதையும் தொடங்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். இந்தத் தவணைக்கு மின்சுற்று மட்டும்தான்.