சிறைப் பயிலரங்கு: சில குறிப்புகள்

மார்ச் 6

அடுத்த வாரத்திலிருந்து சிறைக்குள் அடிதடியைக் குறைக்கப் பயிலரங்கு நடத்தும் குழுவில் நானும் ஒருவன். போவதற்கு முன் கொஞ்சம் படித்து வைத்துக்கொண்டேன். 1971-இல் நியூயார்க் மாநிலத்தின் அட்டிகா சிறைக் கலவரத்தில் 43 பேர் செத்தார்கள். 1975-இல் அதே மாநிலத்தில் கிரீன் ஹேவன் சிறைக் கைதிகள் சிலர், வன்முறை இல்லாமல் பிரச்சினையைத் தீர்ப்பது எப்படி என்று சொல்லிக்கொடுக்க வரும்படி, போரையும் வன்முறையையும் எதிர்க்கும் கிறிஸ்தவப் பிரிவினரான குவேக்கர்களைக் கூப்பிட்டார்கள். இன்று பல நாடுகளில் நடக்கும் பயிற்சியின் தொடக்கம் அதுதான். கூப்பிட்டவர்கள் கைதிகள், அதிகாரிகள் இல்லை. இது எனக்குப் பிடித்திருக்கிறது.

மார்ச் 13

முதல் விளையாட்டு: பெயரின் முதல் எழுத்தில் தொடங்கும் நல்ல குணம் ஒன்றைப் பெயரோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். கழுத்தில் தையல் தழும்போடு இருந்தவர் 'பொறுமை' என்றார். "உனக்கா?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்க, அவரே முதலில் சிரித்துவிட்டார்.

மார்ச் 20

கடைசியாக எதற்கு அடிதடி நடந்தது என்று கேட்டோம். புகையிலைக் கடன், காணாமல் போன துண்டு, ஒரு முறைப்பு. எல்லாவற்றையும்விட அதிகம், போன் பேசும் வரிசை. அதையே நடித்துக் காட்டச் சொன்னோம். ஒருவன் வரிசையில் நடுவில் புகுந்தான். பொறுமைக்காரர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு விலகி நின்றார். நாங்கள் கைதட்டப் போனோம். "நிஜத்தில் இப்படி விட மாட்டேன் சார். இன்னைக்கு வரிசையை விட்டால் நாளைக்குச் சாப்பாட்டுத் தட்டைப் பிடுங்குவான்" என்றார்.

சரியான பேச்சு. விட்டுக்கொடுத்தவனுக்கு அடி விழும் இடத்தில் கோபத்தை அடக்கச் சொல்லிக்கொடுத்து என்ன பயன்? ஒரு பிளாக்குக்கே ஒரே போன் என்றால் அங்கே தியானம் கொஞ்சம்தான் உதவும்.

ஏப்ரல் 3

சிறையில் சண்டை குறைவதில் உணவுகூடக் கணக்கில் வருகிறது. இங்கிலாந்தில் இளம் கைதிகள் 231 பேரை வைத்து நடத்திய ஆய்வு 2002-இல் வெளியானது. வைட்டமின், தாது உப்பு, கொழுப்பு அமிலம் கொண்ட மாத்திரை சாப்பிட்டவர்கள் செய்த விதிமீறல், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களைவிட 26 சதவீதம் குறைவு. போதனை எதுவும் இல்லாமலேயே.

ஏப்ரல் 10

மூத்த வார்டர் ஒருவர் வாசலில் நிறுத்திப் பேசினார். "நீங்க சாயங்காலம் கிளம்பிடுவீங்க. ராத்திரி நாங்கதானே பார்க்கணும்?" மறுக்க முடியவில்லை. நார்வேயில் வார்டர் வேலைக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு இருக்கிறது. கைதிகளோடு பேசிப் பழகுவதும் அங்கே பாதுகாப்புப் பணியில் சேர்த்தி. யார் யாரோடு முறைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பது கேமராவில் தெரிவதற்கு முன்பே அந்த வார்டர்களுக்குத் தெரிந்துவிடும். நம் வார்டருக்கோ அன்று இரட்டை ஷிப்ட்.

ஏப்ரல் 17

போன் வரிசைக்கு டோக்கன் கொடுக்கலாம் என்று கைதிகளே மனு எழுதியிருக்கிறார்கள். ஜெயிலர் ஒரு மாதம் பார்க்கலாம் என்றிருக்கிறார். அப்புறம், டோக்கன் கொடுக்கும் பொறுப்பு யாருக்கு என்பதில் இன்று ஒரு மணி நேரம் சண்டை. வாய்ச்சண்டைதான்.