இப்போது எந்தப் பக்கத்தில் இருக்கீங்க?

படித்து முடித்த நாவலைப் பற்றிப் பேசுவதைவிட, படித்துக்கொண்டிருக்கும் நாவலைப் பற்றிப் பேசுவதுதான் எனக்குப் பிடிக்கும். முடித்துவிட்டால் எல்லோரிடமும் ஒரு தீர்ப்பு தயாராக இருக்கும். அருமை, சுமார், கொஞ்சம் இழுவை, அவ்வளவுதான், பேச்சு அதோடு சரி. நடுவில் இருப்பவரிடம் அந்தத் தீர்ப்பு இன்னும் வந்து சேரவில்லை. அவருக்கு ஒரு பாத்திரத்தின் மேல் கோபம் இருக்கும், இன்னொருவருக்கு என்ன ஆகுமோ என்ற கவலை இருக்கும், நேற்று ராத்திரி படித்த ஒரு பக்கம் காலையிலும் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கும். அந்த நிலையில் ஒருவரைப் பிடித்துப் பேச வைத்தால் நாவல் கண்ணெதிரே உயிரோடு இருக்கும்.

எங்கள் கூட்டம் முதலில் நாவலுக்காகச் சேர்ந்ததே அல்ல. கோவையில் ஞாயிற்றுக்கிழமை காலையில் பறவை பார்க்கப் போகிறவர்கள் நாங்கள். சிங்காநல்லூர் குளம், உக்கடம் பெரியகுளம், கிருஷ்ணாம்பதி என்று சுற்றுவோம். தாழைக்கோழியும் நாமக்கோழியும் எப்போதும் இருக்கும், நெடுங்கால் உள்ளான் கரையோரம் நின்றபடி மேய்ந்துகொண்டிருக்கும், கூழைக்கடா வந்த அன்றைக்கு எல்லோருக்கும் முகம் மலர்ந்துவிடும். வெயில் ஏறியதும் பைனாகுலரைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு டீக்கடைக்குப் போவோம். அங்கே பையிலிருந்து பறவைக் கையேட்டை எடுக்கும்போது கூடவே ஒரு நாவலும் வெளியே வந்து, இது என்ன புத்தகம் என்று யாரோ கேட்கப்போய்த் தொடங்கியதுதான் இந்தப் பேச்சு. இப்போது வாரம் தவறாமல் நடக்கிறது. பறவை குறைவாக வந்த நாளில் நாவல் பேச்சு நீளும்.

எங்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. முதலில், எந்தப் பக்கத்தில் இருக்கீங்க என்றுதான் கேட்போம். அவர் நிற்கிற இடத்தைத் தாண்டி மற்றவர்கள் ஒரு வார்த்தை பேசக் கூடாது, ஏற்கெனவே அந்த நாவலைப் படித்தவராக இருந்தாலும் சரி. அதைவிட எனக்குப் பிடித்தது இரண்டாவது வழக்கம்: பிடித்த பக்கம் ஏதாவது இருந்தால் அதைச் சத்தமாகப் படித்துக் காட்ட வேண்டும். கதையைச் சுருக்கிச் சொல்வதை ஒரு கட்டத்தில் எல்லோருமே விட்டுவிட்டோம். சுருக்கம் எந்த நாவலுக்கும் நியாயம் செய்வதில்லை. பக்கம் செய்கிறது.

சரி, இந்த மாதம் யார் யார் எங்கே இருக்கிறோம் என்று சொல்கிறேன்.

நான் ப. சிங்காரத்தின் ‘புயலிலே ஒரு தோணி’யில் இருக்கிறேன். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, இளம் வயதிலேயே இந்தோனேசியாவுக்குப் போய் மெடானில் வட்டிக்கடையில் வேலை பார்த்து, போருக்குப் பிறகு ஊர் திரும்பி மதுரையில் தினத்தந்தியில் பல வருஷம் இருந்தவர். அவர் எழுதியது மொத்தம் இரண்டே நாவல். ‘கடலுக்கு அப்பால்’ 1959இல் வந்தது, இது 1972இல். இரண்டாம் உலகப்போரில் ஜப்பான்காரன் மெடானுக்குள் நுழைகிற இடத்தில் கதை தொடங்குகிறது. கொள்ளையடித்தவர்களின் தலைகளை வெட்டி ஊர் பார்க்க வைக்கிற காட்சி சீக்கிரமே வந்துவிடும், அதைத் தாண்டுவது லேசான விஷயமில்லை. ஆனால் அதே புத்தகத்தில் பாண்டியன் என்கிற வட்டிக்கடைப் பையன் அத்தனை தூரத்தில் உட்கார்ந்துகொண்டு மதுரைத் தெருக்களை ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறான். சந்தை, கடைகள், ஆட்கள், ஊர்ப் பேச்சு என்று பக்கம் பக்கமாக வருகிறது. வெளியூரில் வேலைக்குப் போய் ராத்திரி தூக்கம் வராமல் ஊர்த்தெருவை மனசுக்குள் நடந்து பார்த்தவர்கள் யாராக இருந்தாலும் அந்தப் பக்கங்களில் கொஞ்ச நேரம் நின்றுவிடுவார்கள்.

போன வாரம் நான் படித்துக் காட்டியது தொங்கான் அத்தியாயம். சுமத்ராவிலிருந்து பினாங்குக்குத் தொங்கானில், அதாவது சரக்குத் தோணியில், போகும்போது நடுக்கடலில் புயல் பிடித்துக்கொள்கிறது. அந்த இடத்தில் சிங்காரத்தின் வாக்கியமே மாறிவிடுகிறது. அதுவரை நிதானமாகப் பேசிக்கொண்டிருந்தவர் சின்னச் சின்னத் துண்டுகளாக எழுதத் தொடங்குகிறார். சொற்கள் திரும்பத் திரும்ப வந்து மோதுகின்றன, காற்றும் தண்ணீரும் மரமும் இருட்டும் ஒன்றோடொன்று கலந்துபோய் யார் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியாமல் போகிறது. மனதுக்குள் படிக்கும்போது வேகமாகக் கடந்துவிட்டேன். சத்தமாகப் படிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது, படித்து நிறுத்தியபோது டீ ஆறியிருந்தது, யாரும் எதுவும் பேசவில்லை. தோணியில் இருப்பவர்களுக்குச் செய்ய ஒன்றுமே இல்லை என்பதுதான் அந்தப் பக்கங்களின் பயங்கரம். பிடித்துக்கொண்டு கிடக்கலாம், அவ்வளவுதான்.

இதில் ஒரு பொருத்தம் அமைந்தது. எங்கள் கூட்டத்தில் காலேஜ் படிக்கிற தம்பி ஒருவன் முதல்முறையாகப் ‘பொன்னியின் செல்வன்’ படிக்கிறான். அவனும் அதே வாரம் ஒரு கடல் புயலில்தான் இருந்தான். இரண்டாம் பாகத்துக்குக் கல்கி வைத்த பெயரே ‘சுழற்காற்று’. பாய்மரத்தில் கட்டப்பட்டிருக்கும் வந்தியத்தேவன், இடி விழுந்து எரிகிற கப்பல், அலைகளுக்கு நடுவே அவனைத் தேடி வருகிற அருள்மொழி, அப்புறம் படகோடு பூங்குழலி. அவன் அதைச் சொன்னபோது முகமெல்லாம் பிரகாசம். அக்கா, உங்க புயல்ல யாரு காப்பாத்த வருவாங்க என்று கேட்டான். யாரும் வரமாட்டார்கள்டா என்றேன். அவன் கொஞ்சம் யோசித்துவிட்டு, அப்ப எனக்கு அந்தப் புத்தகம் அடுத்து வேணும் என்றான். ஒரே வாரத்தில் இரண்டு பேர் இரண்டு கடலில் இருந்ததால் மட்டுமே கிடைத்த கேள்வி அது. நான் முடித்துவிட்டு மூன்று மாதம் கழித்துச் சொல்லியிருந்தால் அவன் இப்படிக் கேட்டிருக்கவே மாட்டான். கல்கியின் புயலில் காப்பாற்ற ஆள் வருகிறது என்பதைக் குறையாகச் சொல்லவில்லை, வாரம் முழுக்கக் காத்திருக்கும் வாசகருக்காக அந்த ஆளை எந்த இடத்தில் கொண்டுவருவது என்று கல்கிக்குத் தெரிந்திருந்த அளவுக்கு வேறு யாருக்கும் தெரியுமா என்பது சந்தேகம்.

யோசித்தால் நம் ஊரில் நாவல் படித்த விதமே இப்படித்தான். ‘பொன்னியின் செல்வன்’ 1950இலிருந்து 1954 வரை கல்கி பத்திரிகையில் வாராவாரம் வந்தது, மணியத்தின் ஓவியங்களோடு. ஆனந்த விகடனில் ‘தில்லானா மோகனாம்பாள்’ கோபுலுவின் படங்களோடு வந்தது. அப்போது வாசகர்கள் எல்லோருமே பாதி நாவலில் இருந்தார்கள், அதுவும் எல்லோரும் ஒரே பாதியில். பத்திரிகை வந்த அன்றைக்கு வீட்டில் யார் முதலில் படிப்பது என்று சண்டை, படித்து முடித்தவரிடம் மற்றவர்கள் என்ன ஆச்சு என்று கேட்பது, அடுத்த வாரம் என்ன ஆகும் என்று திண்ணையில் வாதம். பிறகு அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து பைண்டு செய்து வைப்பார்கள், ஓரத்தில் ஜோக்கும் விளம்பரமும் அப்படியே இருக்கும். அப்படிப்பட்ட பைண்டுகளை நிறைய வீடுகளில் பார்த்திருக்கிறேன். இன்றைக்கு நாவல் முழுசாகக் கைக்கு வந்துவிடுவதால் ஆளாளுக்குத் தனித்தனியாக முடித்துவிடுகிறோம். நல்லதுதான், ஆனால் அந்தத் திண்ணை வாதம் போய்விட்டது. டீக்கடையில் நாங்கள் செய்வது அதில் கொஞ்சத்தைத் திரும்பக் கொண்டுவருவதுதான் என்று நினைத்துக்கொள்கிறேன்.

வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார், எங்களில் அதிகம் பறவை தெரிந்தவர். அவர் ‘நீலகண்டப் பறவையைத் தேடி’யில் இருக்கிறார். வங்காளத்தில் அதீன் பந்த்யோபாத்யாய எழுதியது, தமிழில் சு. கிருஷ்ணமூர்த்தி, நேஷனல் புக் டிரஸ்ட் வெளியீடு. நீலகண்டம் என்றால் நம் பனங்காடை, தந்திக் கம்பியில் உட்கார்ந்திருக்கும்போது சாதுவாகத் தெரிந்து, பறக்கும்போது இறக்கையில் நீலம் பளிச்சென்று விரியுமே, அதுதான். தலைப்பில் பறவை இருக்கிறது என்றுதான் மாவட்ட மைய நூலகத்தில் எடுத்தாராம். உள்ளே போனால் பிரிவினைக்கு முந்தைய கிழக்கு வங்கம், சோனாலி பாலி ஆறு, ஆற்று மணலில் தர்பூசணிக் காவல், ஒரே கிராமத்து இந்துக்களும் முஸ்லிம்களும், காதலை இழந்து புத்தி பேதலித்துத் திரிகிற மணீந்திரநாத். தொலைந்துபோன பறவைகளைக் கூப்பிடுவதுபோல அவர் கையைத் தூக்கித் தட்டுகிற இடத்தைப் படிக்கும்போது அண்ணனே கையைத் தூக்கிக் காட்டினார்.

அவர் படித்துக் காட்டியது அந்த இடம் இல்லை. ஜாலாலி என்று ஒரு ஏழைப் பெண். பசி பொறுக்காமல் வாத்தைத் திருடித் தின்கிறவள். அவள் ஏரியில் இறங்கித் தண்ணீருக்கடியில் ஆம்பல் கிழங்கு தேடுகிறாள். கண்ணுக்கெதிரே நடப்பதுபோலத் தண்ணீர், கொடி, சேறு, அவள் கை என்று போகிறது. அண்ணன் படித்துக்கொண்டே வந்து ஒரு இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டார். அப்புறம் என்னாச்சுங்கண்ணா என்று கேட்டேன். “அம்மணி, நான் நேத்து இங்கதான் நிறுத்தினேன், இதுக்கு மேல போக மனசு வரல” என்றார். பசியைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன், ஒரு வாசகர் பசியின் முன்னால் இப்படி நின்றுபோனதை நேரில் பார்த்தது வேறு. நாவலை முடித்த யாரும் அந்த இடத்தில் நிற்க முடியாது, அவர்களுக்கு மேற்கொண்டு தெரிந்துவிடும்.

பல் டாக்டர் அக்கா பூமணியின் ‘வெக்கை’யை இரண்டாம் தடவையாகப் படிக்கிறார். 1982இல் வந்த நாவல், சின்னதுதான். ‘அசுரன்’ படம் பார்த்துவிட்டு முதல் தடவை படித்தபோது படத்தையே தேடிக்கொண்டிருந்தேன், இப்போதுதான் நாவலைப் படிக்கிறேன் என்கிறார். படம் அப்பாவின் கதை. நாவல் பதினைந்து வயசு சிதம்பரத்தை விட்டு நகர்வதே இல்லை. கையை மட்டும் வெட்ட நினைத்துப் போனவன், நடந்தது கொலை, அதற்கப்புறம் எட்டு நாள் அய்யாவும் மகனும் கரிசல் காட்டில் ஒளிந்து திரிகிறார்கள். அக்கா கவனிக்கச் சொன்னது அவர்கள் சாப்பிடுவதை. எங்கே தண்ணீர் கிடைக்கும், எதை வைத்துச் சோறு பொங்குவது, எந்த மரத்தடியில் படுப்பது என்று அந்த அய்யா மகனுக்குப் பார்த்துப் பார்த்துச் செய்கிறார். ஏன்டா இப்படிச் செய்தாய் என்ற அதட்டல் இல்லை. கொலைக் கதை என்று நினைத்து எடுத்தால் உள்ளே முழுக்க ஒரு அப்பா மகனைப் பார்த்துக்கொள்வதுதான் இருக்கிறது என்று அக்கா சொன்னது, இதுவரை இந்த நாவலைப் பற்றி நான் கேட்டதிலேயே எனக்குச் சரியாகப் பட்ட பேச்சு.

கன்னியாகுமரி மாவட்டத்துக்காரரான டீச்சர் ஒருவர் ஹெப்சிபா ஜேசுதாசனின் ‘புத்தம் வீடு’ ஆரம்பித்திருக்கிறார். 1964இல் வந்தது. பெரிய மனுஷி ஆனதும் படிப்பு நின்று வீட்டோடு இருக்கிற லிஸி, பனையேறி மகன் தங்கராஜ், இந்த அளவுக்குத்தான் வந்திருக்கிறார். அதிலுள்ள பேச்சு அப்படியே தன் பாட்டியின் குரல் என்று சொல்லி இரண்டு வரி அந்த ஊர் ராகத்தோடு படித்தார். கண்ணால் படித்தபோது எங்களுக்குத் தடங்கலாக இருந்த சொற்கள் அவர் வாயில் வழுக்கிக்கொண்டு போயின. வட்டார வழக்கு நாவல் புரியவில்லை என்பவர்கள் அந்த ஊர்க்காரர் ஒருவரைக் கண்டுபிடித்து ஒரு பக்கம் படிக்கச் சொல்லிக் கேளுங்கள், மீதிப் பக்கங்கள் தானாக ஓடும்.

சில பேர் தலைப்பை மட்டும் பகிர்ந்துகொள்கிறார்கள், அட்டைப்படத்தை எடுத்து அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். அதோடு எந்த இடத்தில் இருக்கிறீர்கள், அந்த இடம் உங்களை என்ன செய்கிறது என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லுங்கள். எதிரில் இருப்பவருக்குப் புத்தகத்தை எடுத்துப் பார்க்கத் தோன்றுவது அந்த ஒரு வரியால்தான். பிடிக்காமல் பாதியில் மாட்டிக்கொண்டிருந்தால் அதையும் சொல்லுங்கள். எங்களில் ஒருவர் அப்படிச் சொன்ன ஒரு பெரிய நாவலை, அந்த அலுப்பான பகுதி எவ்வளவு நீளம் என்று அதே நாவலைப் படித்த இன்னொருவர் சொல்லியதால் மட்டும் விடாமல் பிடித்துத் தாண்டிவிட்டார், இப்போது அதைத்தான் ஊருக்கெல்லாம் பரிந்துரைக்கிறார்.

‘புத்தம் வீடு’ முடிந்ததும் எனக்குத் தருவதாக டீச்சர் சொல்லியிருக்கிறார். ‘புயலிலே ஒரு தோணி’ தம்பிக்குப் போகும், ஆனால் அவன் கல்கியின் ஐந்து பாகத்தையும் முடித்த பிறகுதான், நடுவில் மாற்றிக் கொடுக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். நான் இப்போது பாண்டியனோடு பினாங்கில் கரை இறங்கியிருக்கிறேன். நேதாஜியின் படை, சண்டை எல்லாம் இனிமேல்தான். ஏற்கெனவே படித்தவர்கள் முடிவைச் சொல்லாதீர்கள். நீங்கள் எந்த நாவலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.