பரிசு வாங்காத சிறுவன்

சிறார் கதைகளைச் செம்மையாக்கும் பணியில் சேர்ந்த புதிதில், பையன் கையில் ஊசி நூலையும் பெண் கையில் திருப்புளியையும் கொடுத்துவிட்டால் அது பாலினப் பாகுபாட்டை மீறும் கதையாகிவிடும் என்று எண்ணியிருந்தேன். நடனமாட விரும்பும் சிறுவனைப் பற்றிய ஒரு கைப்பிரதி அந்த எண்ணத்தைக் கலைத்தது.

வகுப்பில் அவனைக் கேலி செய்கிறார்கள், தந்தை முகம் கொடுத்துப் பேசுவதில்லை, கடைசிப் பக்கத்தில் அவன் முதல் பரிசு பெற, கேலி செய்தவர்களே எழுந்து நின்று கைதட்டுகிறார்கள். முதல் முறை படித்தபோது எனக்கே கண் கலங்கியது. இரண்டாம் முறை படித்தபோதுதான் ஒரு கேள்வி உறுத்தியது: அவன் சுமாராக ஆடியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? கால்பந்து ஆடும் பையன் ஒரு கோல்கூடப் போடாவிட்டாலும், அவன் ஏன் ஆடுகிறான் என்று யாரும் கேட்பதில்லை. நடனமாடும் பையனோ கோப்பையைக் காட்டித்தான் ஆடும் உரிமையைப் பெற வேண்டியிருக்கிறது.

இது அந்த எழுத்தாளரின் குறை மட்டுமன்று. 1972-இல் வெளிவந்த சார்லட் சோலோடோவின் ‘வில்லியம்ஸ் டால்’ கதையில், பொம்மைக்கு ஏங்கும் சிறுவனுக்கு அதை வாங்கித் தரும் பாட்டி, பின்னாளில் தகப்பனாகும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ள அது பழக்கும் என்று அவன் தந்தைக்கு விளக்குகிறார். அக்காலத்துக்கு அது துணிச்சலான கதைதான். ஆனாலும் பையனுக்குப் பொம்மை பிடித்திருக்கிறது என்ற காரணம் அங்கும் போதவில்லை. அதற்கும் முன்பே, 1936-இல், மன்ரோ லீஃப் எழுதிய ஃபெர்டினாண்ட் என்னும் காளை, முட்டி மோத மறுத்துப் பூக்களை முகர்ந்தபடி உட்கார்ந்திருந்தது. எதையும் வெல்லாமல், கடைசிப் பக்கத்திலும் அப்படியே உட்கார்ந்திருக்கிறது. யாருக்கும் எதையும் நிரூபிக்காத அந்தக் கதை ஸ்பெயினில் தடை செய்யப்பட்டது.

மூலத்தில் அந்தக் காளை ‘அவன்’. ஆங்கிலக் கதைகளில் முயலும் கரடியும்கூடப் பெரும்பாலும் காரணமின்றி ஆணாகிவிடும். தமிழின் ‘அது’ நம்மை அதிலிருந்து காப்பாற்றுகிறது, ஓவியர் ரிப்பனும் நீண்ட இமையும் வரைந்துவிடும்வரை. மனிதர்களிடம் வரும்போது நம் வினைமுற்றுகள் அவ்வளவு நியாயமாக நடந்துகொள்வதில்லை. அதே கைப்பிரதியில் அப்பா ‘வந்தார்’, அம்மா ‘வந்தாள்’. அதை எழுதியவர் ஒரு பெண். அவரும் கவனிக்கவில்லை, மூன்றாம் மெய்ப்புவரை நானும் கவனிக்கவில்லை. ‘வந்தார்’ என்று மாற்றினால் அம்மா குழந்தைக்கு அந்நியமாகிவிடுவாள் என்று அவர் தயங்கினார். அப்பா இத்தனை காலமும் அந்நியமாகத்தானே இருந்தார் என்றேன். சிரித்துவிட்டு மாற்றினார்.

பரிசை நீக்குவதற்குத்தான் அவர் எளிதில் இசையவில்லை. பரிசு இல்லாவிட்டால் படிக்கும் குழந்தை ஏமாந்து போகும் என்றார். கேலிக்கு ஆளான குழந்தைக்கு ஒரு வெற்றியாவது வேண்டாமா என்று அவர் கேட்டபோது என்னிடம் உடனடியாகப் பதில் இல்லை. அதை ஒரு கருத்தாக மறுக்க இன்றும் எனக்குத் தெரியாது. சில வாரங்கள் கழித்து அவரே புதிய கடைசிப் பக்கத்தை அனுப்பினார். அதில் மேடையும் இல்லை, கூட்டமும் இல்லை. கூடத்தில் ஆடிக்கொண்டிருக்கும் சிறுவனுக்கு நடுவில் ஓர் அசைவு மறந்துபோகிறது. செய்தித்தாளைத் தாழ்த்திப் பார்க்கும் அப்பா எதுவும் சொல்லவில்லை. சிறுவன் மறுபடியும் முதலிலிருந்து தொடங்குகிறான்.