ஓர் ஊர் எழுகிறதா என்று எங்கே பார்ப்பது?

பிரிட்டனில் எந்த ஊர் அடுத்து எழும் என்று கணித்துச் சொல்வது எங்கள் வேலை. வீடு கட்டுபவர், கடன் கொடுப்பவர், குடியேற நினைக்கும் குடும்பம் என்று யார் வந்தாலும் முதலில் கையில் எடுப்பது சராசரி வீட்டு விலையைத்தான். நாங்கள் அதைக் கடைசியாக எடுப்போம். விலை ஏறியது எண்ணில் தெரியும்போது, ஏறக் காரணமானவர்கள் குடிவந்து பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தும் முடித்திருப்பார்கள்.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதைப் பார்த்துவிடுவோம். ஆண்டுக்கு 300 வீடுகள் கைமாறும் சிற்றூரில், புறநகரில் நான்கு படுக்கையறை கொண்ட 80 புதுவீடுகள் விற்கின்றன என்று வையுங்கள். அந்த ஆண்டின் சராசரி துள்ளிக் குதிக்கும். பழைய தெருக்களில் ஒரு வீட்டின் மதிப்பும் கூடியிருக்காது.

இங்கிலாந்து, வேல்ஸ் வீட்டு விற்பனைகளை, சொத்துகளைப் பதிவு செய்யும் அரசுத் துறையான லேண்ட் ரெஜிஸ்ட்ரி 1995 ஜனவரி முதல் தனித்தனியாக, இலவசமாகவே வெளியிடுகிறது. அதில் புதுவீடுகளை நீக்குங்கள். 'பி' என்று குறித்தவற்றையும் நீக்குங்கள். கடன் தவறிப் பறிமுதலானவை, கடன் எடுத்து வாடகைக்கு விட வாங்கியவை, நிறுவனங்களுக்குப் போனவை அதில்தான் இருக்கும். நீண்ட காலக் குத்தகையில் உள்ள லீஸ்ஹோல்ட் வீடுகளை ஒதுக்கிவிட்டு, நிலத்தோடு முழுச் சொந்தமான ஃப்ரீஹோல்ட் வரிசை வீடுகளை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஒவ்வொரு முகவரியையும் ஆற்றல் திறன் சான்றிதழ்ப் பதிவேட்டோடு பொருத்தினால் தளப்பரப்பு கிடைக்கும். ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை பவுண்ட் என்பதே ஒப்பிடத் தகுந்த எண்.

பொருத்தும்போது இரண்டு இடங்களில் சறுக்கும். ஒரு பதிவேட்டில் கதவு எண்ணோடு இருக்கும் வீடு மற்றதில் பெயரோடு இருக்கும். சான்றிதழ் வாங்கிய பிறகு பரணை அறையாக்கிய வீட்டுக்குப் பழைய பரப்பே பதிவில் நிற்கும். அதனால் சதுர மீட்டர் விலை பொய்யாக உயரும். ஒரே ஒரு விற்பனை தனித்து எகிறி நின்றால் உள்ளூர் நிர்வாகமான கவுன்சிலின் கட்டட அனுமதிப் பதிவைத் திறந்து பாருங்கள். ஆண்டுக்கு 30 விற்பனை தேறாவிட்டால் இரண்டு ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். கடைசி மூன்று மாதத்தை நம்பவே வேண்டாம். பதிவு தாமதமாகும், புதுவீட்டுக்கு இன்னும் தாமதமாகும். விற்பனை விழுந்துவிட்டது என்று அந்த மாதங்களைக் காட்டி எழுதப்பட்ட அறிக்கைகள் நிறைய.

இப்படிக் கிடைத்த எண்ணையும் தனியே படிக்க மாட்டோம். பக்கத்து விலையுயர்ந்த நகரத்தின் எண்ணுக்கு அது எத்தனை பங்கு என்று பார்ப்போம். 2020 ஜூலையில் முத்திரை வரிச் சலுகை வந்த பின் நாடு முழுக்க விலை ஏறியது. அந்த ஏற்றத்தை ஓர் ஊரின் பெருமையாக எழுத முடியாது. இடைவெளி சுருங்குகிறதா என்பதுதான் கேள்வி.

இங்கிலாந்தையும் வேல்ஸையும் இணைக்கும் செவர்ன் பாலம் இதற்கு நல்ல பாடம். வேல்ஸுக்குள் நுழையும் திசையில் மட்டும் சுங்கம் இருந்தது. 2017இல் காருக்கு 6.70 பவுண்ட். வேல்ஸ் பக்கத்து செப்ஸ்டோவில் குடியிருந்து இங்கிலாந்து பக்கத்து பிரிஸ்டலில் வேலை பார்த்தவர், சலுகை அட்டை இல்லாமல் ஆண்டுக்கு 220 நாள் வீடு திரும்பினால் 1,474 பவுண்ட். மாதம் 123 பவுண்ட் என்பது, 2.5 விழுக்காடு வட்டியில் 25 ஆண்டுக்குச் சுமார் 27,000 பவுண்ட் கூடுதல் கடனுக்கான தவணை. சுங்கம் நீங்கும் என்று 2017 ஜூலையில் அறிவித்தார்கள், 2018 டிசம்பர் 17 அன்று நீங்கியது. மிச்சமாகும் சுங்கம் வாங்குபவரின் பைக்குப் போகாமல் வீட்டு விலைக்குள் போகும் என்பதை இந்தக் கணக்கு முன்கூட்டியே சொல்லிவிடுகிறது. அது சொல்லாத ஒன்று, செப்ஸ்டோவுக்குள் ஓடும் ஏ48 சாலையின் நெரிசல். காலையில் பாலத்தை எட்டவே எவ்வளவு நேரம் ஆகிறது என்பதையும் கணக்கில் சேர்க்காமல் அந்த ஊரை மதிப்பிட முடியாது.

ரயில் நேரத்திலும் இதே தவறு நடக்கிறது. தென்கிழக்கு இங்கிலாந்தின் கென்ட்டில் 2009 டிசம்பரில் அதிவேக ரயில் முழு அளவில் ஓடத் தொடங்கியதும் ஃபோக்ஸ்டோன் என்ற கடற்கரை ஊர் லண்டனிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் வந்துவிட்டது. ஆனால் விளம்பரத்தில் இருப்பது ரயிலின் நேரம். நிலையத்துக்கு நடக்க 12 நிமிடம், முன்கூட்டிப் போய் நிற்க 8, ரயிலில் 55, இறங்கிய பின் சுரங்க ரயிலில் 20 என்று கூட்டினால் வாசலிலிருந்து வாசலுக்கு 95. கால அட்டவணையில் காலை ஏழரை மணி ரயிலையும் இரவின் கடைசி ரயிலையும் பாருங்கள். பகல் பதினோரு மணி வேகத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

2020இல் கொரோனா வந்து வீட்டிலிருந்து வேலை செய்வது பரவிய பிறகு இந்தக் கணக்கே மாறியது. வாரம் ஐந்து நாள் ஒரு வழிக்கு 45 நிமிடம் போனால் 450 நிமிடம். இரண்டே நாள் 90 நிமிடம் போனால் 360. தொலைவான ஊர் வாரக் கணக்கில் பக்கத்து ஊராகிவிட்டது. 28 நாளில் எட்டு நாள் பயணத்துக்கான ஃப்ளெக்ஸி சீசன் டிக்கெட் 2021 ஜூனில் வந்தது. ஆனால் முதலாளி மூன்றாவது நாளும் வரச் சொன்னால் 360 என்பது 540 ஆகிவிடும். அந்த ஒரு நாளைத் தாங்கும் ஊரா என்று சோதிப்பது எங்கள் வழக்கம்.

வராத ரயிலுக்கு மதிப்பே போடாதீர்கள். வடமேற்கு இங்கிலாந்தின் க்ரூ ஊருக்கு வரவிருந்த எச்எஸ்2 அதிவேக ரயில் பாதை 2023 அக்டோபரில் ரத்தானது. 2018 டிசம்பரில் திறக்க வேண்டிய லண்டனின் எலிசபெத் லைன் ரயில் பாதை 2022 மே 24 அன்றுதான் திறந்தது.

காலிக் கடைகளை வைத்து ஊரைத் தள்ளிவிடுவதும் பிழை. மான்செஸ்டருக்குத் தெற்கே ஆல்ட்ரிங்கமில் 2010 வாக்கில் ஏறத்தாழ 30 விழுக்காடு கடைகள் பூட்டிக் கிடந்தன. சுற்றிலும் ஹேல், பௌடன் போன்ற வசதியான பகுதிகள்; 1992 முதல் மெட்ரோலிங்க் டிராம்; தேர்வு வைத்துச் சேர்க்கும் கிராமர் பள்ளிகள். பணமும் ஆட்களும் அங்கேயே இருந்தார்கள், உட்கார இடம்தான் இல்லை. 2014இல் பழைய சந்தைக் கூடத்தைப் பொது மேசைகளுள்ள உணவுக் கூடமாக மாற்றியதும் ஊர் நடுவே கூட்டம் திரும்பியது. இதைப் பார்த்து, கைக்காசு இல்லாத ஊர்களும் உணவுக் கூடம் கட்டினால் நடப்பது வேறு. கடற்கரை ஊர்களில் புதுக் காப்பிக்கடை திறந்ததை நாங்கள் குறித்துக்கொள்வதில்லை. அது இரண்டாம் குளிர்காலத்தைத் தாண்டினால் குறித்துக்கொள்வோம்.

பள்ளிதான் எங்களுக்கு மிகவும் பிடித்த சான்று. இடங்களைவிட விண்ணப்பம் கூடினால் வீடு அருகில் உள்ளவர்களுக்கு முன்னுரிமை தரும் ஆரம்பப் பள்ளிகளில், கடைசியாக இடம் பெற்ற பிள்ளையின் வீடு எத்தனை மீட்டர் தூரம் என்பதைப் பல கவுன்சில்கள் ஆண்டுதோறும் வெளியிடுகின்றன. ஐந்தாண்டு எண்களை எழுதிப் பாருங்கள். பிறப்பு குறைந்து நாடெங்கும் வகுப்புகள் காலியாகும் இந்நாளில், ஒரு பள்ளியின் தூரம் மட்டும் சுருங்கிக்கொண்டே வந்தால் குடும்பங்கள் அங்கே வருகின்றன. ஓர் ஆண்டு மட்டும் சுருங்கினால் அவசரப்படாதீர்கள். அந்த ஆண்டு, முன்னுரிமை பெறும் உடன்பிறப்புகள் அதிகம் சேர்ந்திருக்கலாம். கிராமர் பள்ளிக்காகவே ஊர் மாறும் தமிழ்க் குடும்பங்களுக்கு ஒரு சொல்: கென்ட்டின் தேர்வு வேறு, ஒட்டியிருக்கும் மெட்வேயின் தேர்வு வேறு.

அடுத்து கவுன்சிலின் வாராந்தர கட்டட அனுமதி விண்ணப்பப் பட்டியல். பின்பக்கம் சமையலறையை நீட்டுவதும் பரணை அறையாக்குவதும் ஒரே தெருவில் மூன்று நான்கு வந்தால், அங்கிருப்பவர்கள் கிளம்பும் எண்ணத்தில் இல்லை. அதே வீடுகளை அறை அறையாக வாடகைக்குப் பிரிக்கும் விண்ணப்பங்கள் வந்தால் கதை வேறு. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சொந்தக் குடியிருப்பு, வாடகைப் பங்குகளை 2011, 2021 என்று ஒப்பிடலாம். வேலைக்குப் போகும் பயணத்தை மட்டும் ஒப்பிடக் கூடாது. கணக்கெடுப்பு நாளான 2021 மார்ச் 21 அன்று நாடு பொதுமுடக்கத்தில் இருந்தது.

வட இங்கிலாந்தில் கால்டர் பள்ளத்தாக்கின் ஹெப்டன் பிரிட்ஜ், டாட்மார்டன் போன்ற அழகான ஊர்களில் வெள்ளத்தை முதலில் பாருங்கள். 2015 டிசம்பர் 26 அன்று ஊருக்குள் வந்த தண்ணீர் 2020 பிப்ரவரியில் மறுபடி வந்தது. ஆற்று வெள்ளம், மழைநீர்த் தேக்கம் இரண்டுக்கும் தனித்தனி அபாய வரைபடம் உண்டு. காப்பீட்டைத் தாங்கிப் பிடிக்கும் ஃப்ளட் ரீ திட்டம் 2009 ஜனவரி முதல் கட்டிய வீடுகளைச் சேர்க்காது. புதுவீடு என்பதால் பத்திரம் என்று நினைப்பவர்கள் மாட்டுவது இங்கேதான்.

கென்ட் கடற்கரையின் மார்கேட் எழுந்ததைச் சொல்லாமல் இதை முடிக்க மனம் வரவில்லை. அதிவேக ரயில், 2011 ஏப்ரலில் டர்னர் கண்டெம்பரரி கலைக்கூடம், லண்டனிலிருந்து கலைஞர்கள் என்று எல்லாம் சேர்ந்து வந்தன. ஆனால் மார்கேட்டின் கிளிஃப்டன்வில் பகுதியின் பெரிய விக்டோரியா காலத்து வீடுகள் அறைகளாகப் பிரிந்து கிடந்தவை. அவற்றில் வாடகைக்கு ஏழைகள் இருந்தார்கள். விரும்பத்தக்க ஊர் என்று நாம் எழுதும் சொல் அவர்கள் வாடகையில் போய் விழுகிறது. வாடகை கட்ட அரசு தரும் வீட்டு உதவித் தொகையின் வரம்பு 2020 ஏப்ரல் முதல் 2024 ஏப்ரல் வரை நகரவே இல்லை, வாடகை நகர்ந்தது. அதனால் இரண்டு படுக்கையறை வீட்டுக்கு விளம்பரத்தில் கேட்கும் வாடகைக்கும் அந்த வரம்புக்கும் மாதம் எத்தனை பவுண்ட் வித்தியாசம் என்பதை ஒவ்வோர் ஊருக்கும் கணக்கிட்டு, அறிக்கையின் முதல் பக்கத்திலேயே, விலை ஏற்றத்துக்கு மேலே எழுதுகிறோம்.