மீட்டர் 12 காட்டும், விளக்கு எரியாது

விசைப்படகு வயரிங்கில் திரும்பத் திரும்ப வரும் புகார் ஒன்று உண்டு. வி.எச்.எஃப். செட்டில், அதாவது படகுகள் தமக்குள் பேசிக்கொள்ளும் ரேடியோவில், அடுத்த படகுக்காரர் பேசுவது நன்றாகக் கேட்கும். பதில் சொல்ல மைக் பட்டனை அழுத்தினால் செட் அணைந்துவிடும். உடனே செட்டைக் கழற்றி ரிப்பேருக்கு அனுப்புவார்கள். கடையில் அது ஒழுங்காக வேலை செய்யும். கொண்டுவந்து மாட்டினால் மறுபடி அதே கதை.

கோளாறு பெரும்பாலும் செட்டில் இல்லை, அதற்குப் போகும் வயரில் இருக்கும். கேட்கும்போது செட் இழுப்பது அரை ஆம்பியர் அளவுதான். 25 வாட்டில் பேசும்போது 5, 6 ஆம்பியர் வேண்டும். என்ஜின் ரூமிலுள்ள பேட்டரியிலிருந்து வீல்ஹவுஸ் (படகை ஓட்டும் அறை) 6 மீட்டர் தூரம் என்றால், போக வர 12 மீட்டர் வயர். வீட்டுக்குப் போடும் 1 சதுர மில்லிமீட்டர் வயரை இழுத்திருந்தால் அதன் தடை சுமார் 0.22 ஓம். 6 ஆம்பியர் ஓடும்போது 1.3 வோல்ட் வழியிலேயே தீர்ந்துபோகும். பேட்டரியில் 12.2 இருந்தால் செட்டுக்குக் கிடைப்பது 10.9. துருப்பிடித்த ஃபியூஸ் ஹோல்டர் இன்னொரு அரை வோல்ட்டைத் தின்றால் செட் அணையாமல் என்ன செய்யும்? அதே தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் வயர் போட்டால் இழப்பு 0.33 வோல்ட்டோடு நிற்கும். வழிகாட்டு விளக்கு, பில்ஜ் பம்பு (படகின் அடியில் தேங்கும் தண்ணீரை இறைப்பது) போன்ற முக்கிய லைன்களில் இழப்பு 3 சதவீதத்துக்குள், அதாவது 12 வோல்ட்டில் 0.36க்குள் இருக்க வேண்டும் என்பது படகு வயரிங்கில் பரவலாக ஏற்கப்பட்ட கணக்கு. ரேடியோவையும் இந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும்.

இதைக் கண்டுபிடிக்கத் தெரியாமல் போவதற்குக் காரணம் மீட்டர் பிடிக்கும் விதம். செட்டைக் கழற்றிவிட்டு, வயர் முனையில் மீட்டரை வைத்து, "12.4 வருது, லைன் சரி" என்று சொல்லிவிடுகிறார்கள். டிஜிட்டல் மீட்டர் இழுக்கும் கரண்ட் ஒன்றுமே இல்லை என்று சொல்லலாம். உள்ளே எல்லா இழையும் அரித்துப்போய் ஒரே ஓர் இழை ஒட்டிக்கொண்டிருந்தாலும் அது 12.4 தான் காட்டும். ஆகவே லோடு, அதாவது கரண்ட் இழுக்கும் சாதனம், ஓடும்போதுதான் அளக்க வேண்டும். செட் கையில் இல்லையென்றால் 21 வாட் இண்டிகேட்டர் பல்பு ஒன்றில் இரண்டு வயரைச் சேர்த்து வைத்துக்கொள்ளலாம். ஏறக்குறைய 1.75 ஆம்பியர் இழுக்கும். பழைய சாமான்தான், ஆனால் இந்த இடத்தில் விலை உயர்ந்த மீட்டரைவிட உண்மை பேசும்.

முறை இது. லோடை ஓடவிட்டு, மீட்டரை டி.சி. வோல்ட்டில் வைத்து, ஒரு முனையை பேட்டரியின் பாசிட்டிவ் கம்பத்திலேயே குத்த வேண்டும், அதன் மேலுள்ள கிளாம்பில் அல்ல. மறுமுனையை செட்டின் பாசிட்டிவில் வைக்க வேண்டும். மீட்டர் காட்டுவது அந்தப் பாதை முழுவதும் தொலைந்த வோல்ட். 0.2 என்றால் விட்டுவிடலாம். 0.9 என்றால் செட் பக்கத்து முனையை அங்கேயே வைத்துக்கொண்டு, பேட்டரி பக்கத்து முனையை கிளாம்பு, ஃபியூஸின் இரு பக்கம், சுவிட்சின் இரு பக்கம் என்று ஒவ்வொன்றாக நகர்த்த வேண்டும். எந்த இடத்தைத் தாண்டியதும் எண் சட்டென்று இறங்குகிறதோ அங்கேதான் கோளாறு. பிறகு நெகட்டிவ் பாதைக்கும் இதையே செய்ய வேண்டும். பாதிப் பேர் இதை விட்டுவிடுகிறார்கள்; கோளாறில் பாதி அங்கேதான் கிடக்கிறது. மரப்படகும் ஃபைபர் படகும் கரண்டைக் கடத்தாது, எனவே ஒவ்வொரு ஆம்பியரும் நெகட்டிவ் வயர் வழியாகவே திரும்பியாக வேண்டும். இரும்புப் படகில் உடம்பையே நெகட்டிவாகப் பயன்படுத்தினால் தகடு அரிக்கும்.

கிடைக்கும் குற்றவாளி பெரும்பாலும் டேப் சுற்றிய ஜாயிண்ட். உப்புக் காற்றில் டேப்பின் பசை கரைந்து, உள்ளே ஈரம் தங்கி, செம்பு பச்சை பூத்துவிடும். அதோடு நிற்காது. இழைகளுக்கு நடுவே உப்புத் தண்ணீர் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல ஏறி, இன்சுலேஷனுக்குள் கைநீளம் தாண்டியும் செம்பைக் கறுப்பாக்கும். வெளியே வயர் புதிதுபோல் இருக்கும். பளபளக்கும் செம்பு தெரியும்வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். கறுத்த செம்பில் ஈயமும் ஒட்டாது, லக்கும் (வயர் முனையில் மாட்டும் உலோகக் கொண்டி) பிடிக்காது. வெள்ளீயம் பூசிய இழை வயர், சரியான கிரிம்ப் பிளையரில் அழுத்திய லக், அதன்மேல் உள்ளே பசையுள்ள, சூடுபட்டால் சுருங்கிப் பிடிக்கும் ஹீட் ஷ்ரிங்க் டியூப் என்று போட்டால் பல சீசன் தாங்கும். சால்டரிங் மட்டும் போதும் என்பவர்கள் என்ஜின் அதிர்வை மறக்கிறார்கள். ஈயம் ஏறி விறைத்த இடம் முடியும் இடத்தில்தான் வயர் முறியும்.

இரவில் கட்டிய படகில் காலையில் பேட்டரி இறங்கியிருந்தால் கரண்ட் கசிவைப் பார்க்க வேண்டும். எல்லா சுவிட்சையும் அணைத்து, நெகட்டிவ் கிளாம்பைக் கழற்றி, கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவில் மீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைக்க வேண்டும். அரை ஆம்பியர் ஓடினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-மணி; 100 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கே நாளில் பாதியாகும். ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக எடுத்தால் லைன் தெரியும். முதலில் சந்தேகப்பட வேண்டியது பில்ஜ் பம்பின் ஃப்ளோட் சுவிட்ச், அதாவது தண்ணீர் ஏறினால் மிதந்து பம்பைத் தானே ஓடவிடும் சுவிட்ச். அதன் ஜாயிண்ட் அடித் தண்ணீரில் முங்கியிருந்தால் பாசிட்டிவ் வயர் கொஞ்ச நாளில் பச்சைத் தூளாகிவிடும். ஜாயிண்ட்டைத் தண்ணீர் எட்டாத உயரத்துக்கு ஏற்றுவதே வைத்தியம். மீட்டர் நடுவில் இருக்கும்போது என்ஜினை ஸ்டார்ட் செய்யக் கூடாது, மீட்டரின் ஃபியூஸ் போய்விடும். பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டர் ஓடும்போது பேட்டரி கிளாம்பைக் கழற்றினால் ஆல்டர்னேட்டரின் டயோடுகளே போகலாம்.

24 வோல்ட் படகுகளில் இன்னொரு வழக்கம்: இரண்டு பேட்டரியில் ஒன்றிலிருந்து மட்டும் ஜி.பி.எஸ்.ஸுக்கு 12 வோல்ட் எடுப்பது. அந்த பேட்டரி குறைவாகவும், மற்றது தேவைக்கு மேலும் சார்ஜாகி இரண்டும் கெடும். நல்ல 24க்கு 12 கன்வெர்ட்டர் இரண்டு பேட்டரியைவிட மலிவு.

எல்.இ.டி. விளக்கு வந்தபிறகு பழைய அறிகுறி ஒன்று மறைந்துவிட்டது. இழை பல்பு வோல்ட் 10 சதவீதம் குறைந்தால் வெளிச்சத்தில் சுமார் 30 சதவீதம் இழக்கும், கண்ணுக்குத் தெரியும். எல்.இ.டி. கெட்ட ஜாயிண்ட்டிலும் சிரித்துக்கொண்டே எரியும். போதாக்குறைக்கு மட்டமான எல்.இ.டி. ரேடியோவில் இரைச்சலையும் போடும். 2018இல் அமெரிக்கக் கடலோரக் காவல்படை இதற்கென்றே ஓர் எச்சரிக்கை வெளியிட்டது. சோதிப்பது எளிது. எல்.இ.டி.யை அணைத்துவிட்டு, ஆள் பேசாத சேனலில் ஸ்குவெல்ச்சை (ரேடியோவில் இரைச்சலை அடக்கும் குமிழ்) இரைச்சல் அடங்கும் எல்லைவரை மட்டும் திருப்பி வைக்க வேண்டும். விளக்கைப் போட்டதும் இரைச்சல் வந்தால் விளக்குதான் காரணம்.

ஃபியூஸ் போன இடத்தில் செம்பு இழையைச் சுற்றுவது பற்றிச் சொல்லவே அலுப்பாக இருக்கிறது. ஃபியூஸ் காப்பது செட்டை அல்ல, வயரை; 4 சதுர மில்லிமீட்டர் வயர் தீப்பிடிக்க பேட்டரியில் தாராளமாகக் கரண்ட் உண்டு. ஃபியூஸ் பேட்டரியிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் இருக்க வேண்டும்.

கிழக்குக் கடலோரத்தில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில்தான் இந்த வேலைகள் நடக்கின்றன. படகு காய்ந்து, என்ஜின் நின்று கிடக்கும்போது எல்லாம் சரியாகவே காட்டும். படகைத் தண்ணீரில் இறக்கியபின் என்ஜினை ஓட்டி, எல்லா விளக்கையும் போட்டு, மைக்கை அழுத்தி, வயரை அசைத்துப் பார்த்தபடி அளந்து, கிடைத்த எண்களை ஃபியூஸ் பெட்டி மூடியின் உள்பக்கம் மார்க்கரில் எழுதி வைத்தால், அடுத்த வருடம் பெட்டியைத் திறப்பவருக்கு எந்த லைன் இறங்கியிருக்கிறது என்று பார்த்தவுடன் தெரியும்.