அடுத்தவர் குதிரை, என் டிரெய்லர்

மார்ச் 3, திங்கள்
லாயத்தில் பழக்கமான பெண் கேட்டாள்: "சனிக்கிழமை என் குதிரைய ஆஸ்பத்திரிக்கு ஏத்திட்டுப் போக முடியுமாக்கா? டீசல் காசு தந்துடறேன்." சரி என்று சொல்லிவிட்டேன். இரண்டு குதிரை நிற்கும் டிரெய்லரில் ஒரு பக்கம் எப்போதும் காலிதான்.

மார்ச் 5, புதன்
தூக்கம் வராமல் வண்டியின் காப்பீட்டுப் பாலிசியை எடுத்துப் படித்தேன். படிக்காமலே இருந்திருக்கலாம். 'வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டினால் செல்லாது' என்று ஒரு வரி. டீசல் காசு கூலியா? ஏஜென்டைக் கேட்டேன். "கம்பெனிக்குக் கம்பெனி மாறும்மா. எழுத்துல கேட்டு வாங்கிடுங்க" என்றார். மெயில் போட்டாயிற்று.

அடுத்த வரிதான் வயிற்றைக் கலக்கியது. மூன்றாம் நபர் காப்பீடு, என் பொறுப்பில் இருக்கும் அடுத்தவர் பொருளுக்குக் கிடையாது. சட்டத்தின் கண்ணில் குதிரையும் பொருள்தான். சாலையில் எதிரே வரும் குதிரையை இடித்தால் பணம் வரும். என் டிரெய்லருக்குள் நிற்கும் குதிரைக்கு வராது!

மார்ச் 6, வியாழன்
பொறுப்பில் இருக்கும் குதிரைகளுக்கென்றே தனிக் காப்பீடு உண்டாம். ஒரு குதிரைக்கு இவ்வளவு, ஒரு விபத்துக்கு இவ்வளவு என்று வரம்பு. இன்றே எடுத்தேன்.

"என் குதிரைக்கு உயிர்க் காப்பீடு இருக்கே, எதுக்குக்கா வீண் செலவு?" என்றாள். விஷயமே அங்கேதான். கம்பெனி அவளுக்குப் பணம் கொடுத்துவிட்டு, அவள் இடத்தில் நின்று என்னிடம் வசூலிக்க வரலாம். அவள் என்மேல் வழக்குப் போடமாட்டாள். கம்பெனிக்கு நான் அக்கா இல்லையே.

இன்னொன்று: கருணைக்கொலை செய்ய வேண்டி வந்தால், பொதுவாகக் கம்பெனியிடம் முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்க வேண்டும். அவர்களுடைய அவசர எண்ணை டேஷ்போர்டில் ஒட்டிவைத்தேன்.

மார்ச் 7, வெள்ளி
ஒரு பக்க ஒப்பந்தம் எழுதினோம். பழைய காயம், உதைக்கும் பழக்கம், போன் எடுக்காவிட்டால் சிகிச்சைக்கு யார் முடிவு சொல்வது, எவ்வளவு செலவு வரை. மதிப்பு என்ற இடத்தில் 'விலை மதிக்க முடியாதது' என்று எழுதியிருந்தாள். அடித்துவிட்டு எண்ணாக எழுதச் சொன்னேன். முகம் சுருங்கிவிட்டது.

'எதற்கும் நான் பொறுப்பில்லை' என்ற வரியை வக்கீல் பார்த்துச் சிரித்தார். கடும் அலட்சியம் என்று நிரூபணமானால் பல இடங்களில் அது நிற்காதாம். பழைய ஆங்கிலப் பொதுச் சட்டத்தில், யார் கேட்டாலும் கூலிக்குச் சரக்கு ஏற்றுபவர் சேதத்துக்குத் தவறே செய்யாவிட்டாலும் பொறுப்பு. சில விலக்குகள் உண்டு; பிராணி தன் இயல்பால் தானே வரவழைத்துக்கொண்டது அதில் ஒன்று. மிரண்டு உதைத்துக் கால் ஒடிந்தால் அது இயல்பு. தரைப்பலகை உளுத்துக் கால் உள்ளே போனால் அது நான். தரை விரிப்பைத் தூக்கி ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பார்த்தேன். ஒரு பலகை மெத்தென்று இறங்கியது. இரவு பத்து மணிவரை பலகை மாற்றினேன்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு விதிகளில், பிராணிகளைத் தொழிலாக 65 கிலோமீட்டருக்கு மேல் ஏற்றிச் செல்ல அனுமதி வேண்டும். ஆனால் கால்நடை மருத்துவர் சொல்லி நேரே மருத்துவமனைக்குப் போகும் பயணத்துக்கு அந்த விதிகளே பொருந்தாது. யாரோ குதிரை வளர்த்தவர்தான் எழுதியிருக்க வேண்டும்.

மார்ச் 8, சனி
ஏற்றும் முன் நான்கு கால்களையும் படம் எடுத்தேன். தலையைத் தாழ்த்த முடியாமல் நெடுநேரம் கட்டினால் சளி இறங்காமல் நுரையீரலில் தொற்று வரலாம்; கயிற்றைச் சற்று நீளமாகவே விட்டேன்.

இறக்கும்போது பின்னங்காலில் ஒரு சிராய்ப்பு. காலைப் படத்தில் இல்லை. எங்கள் டிரெய்லரில் பட்டதுதான். அவள் "பரவாயில்லக்கா" என்றாள். நேரம் போட்டுத் தாளில் எழுதி இருவரும் கையெழுத்திட்டோம். டீசல் காசை வாங்கவில்லை.

மார்ச் 11, செவ்வாய்
மெயிலுக்குப் பதில் வந்தது: டீசல் செலவில் பாதி வரை வாங்கலாம், கூலியாகாது. வண்டியை எடுக்கப் போனால், எனக்குத் தெரியாமல் டேங்கை முழுக்க நிரப்பிவைத்திருக்கிறாள். முழு டேங்க் எந்தக் கணக்கில் வரும் என்று மறுபடி எழுதிக் கேட்டிருக்கிறேன்.