நெரிசலில் நிற்பது யார் வண்டி?

சாயங்காலம் ஆறு மணிக்கு ஓசூரில் நகராமல் நிற்கும் வண்டிகளில் எத்தனை ஓசூருக்கே வந்தவை, எத்தனை ஊரைத் தாண்டிப் போகிறவை? கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே புதிய விரைவுச்சாலைக்குக் கோடு போடும் முன், அதாவது அது போகும் தடத்தைக் குறிக்கும் முன், கேட்க வேண்டியது இதைத்தான். தாண்டிப் போகும் வண்டியை மட்டும்தான் புதுச்சாலை இழுத்துக்கொள்ளும். சிப்காட் தொழிற்பேட்டையின் ஷிப்ட் பஸ்ஸும், வேலை விட்டு வரும் பைக்கும், ராயக்கோட்டைத் தக்காளி ஏற்றிய மினிலாரியும் எத்தனை வழி போட்டாலும் ஊருக்குள்தான் வரும். தடத்தை முதலில் வரைந்துவிட்டு அதற்குத் தோதான கணக்கைத் தேடுவதும் இந்தத் தொழிலில் நடக்கிறது.

கிருஷ்ணகிரிக்கும் ஓசூருக்கும் நடுவே 44, 48 என இரண்டு தேசிய நெடுஞ்சாலைகள் ஒரே தார் மேல் ஓடுகின்றன. சேலத்து லாரியும் சென்னை லாரியும் அங்கே கலந்துவிடும். ஆகவே கிருஷ்ணகிரிக்குத் தெற்கே, வேலூர் பக்கம், சூளகிரி அருகே, ஓசூருக்கு வடக்கே எல்லையில் என நாலு இடத்திலும் ஒரே வாரத்தில், ஏழு நாளும் 24 மணி நேரமும் எண்ண வேண்டும். வெவ்வேறு வாரத்தில் எண்ணினால் கூட்டிக் கழிக்கவே முடியாது.

எண்ணியதை பி.சி.யு. என்ற கார் அளவுக்கு மாற்றுவார்கள். கார் 1, பைக் 0.5, பஸ்ஸும் லாரியும் 3, டிரெய்லர் கட்டிய டிராக்டர் 4.5. ஓரமும் தார் போட்ட நால்வழிச்சாலை ஒரு நாளைக்கு 40,000 பி.சி.யு. வரை தாங்கும் என்பது, சாலைத் தரங்களை வகுக்கும் இந்தியச் சாலைக் காங்கிரஸின் கணக்கு. மாங்காய் சீசனில் கூழ் ஆலைக்குப் போகும் 200 டிராக்டர் என்றால் 900 கார் ஓடுவதற்குச் சமம். பிப்ரவரியில் எண்ணினால் அதில் ஒன்றுகூடக் கணக்கில் வராது.

இதைச் சரிக்கட்டத்தான் பருவத் திருத்தம். வழக்கமாக பெட்ரோல் பங்க்குகளின் மாத விற்பனையை வைத்துப் போடுவார்கள். இங்கே அது ஏமாற்றும். கர்நாடகத்தில் டீசல் விலை குறைவாக இருக்கும் மாதங்களில் லாரிக்காரர்கள் அந்தப் பக்கமே டேங்க்கை நிரப்பிக்கொள்வார்கள். இந்தப் பக்கம் விற்பனை விழும், சாலையில் ஒரு வண்டியும் குறைந்திருக்காது. டோல்கேட்டின் மாதக் கணக்கு மேல், ஆனால் பைக்குக்குக் கட்டணம் இல்லாததால் அது அதில் இருக்காது.

அடுத்தது, போலீஸ் துணையோடு வண்டியை நிறுத்தி எங்கிருந்து எங்கே என்று கேட்பது. இதில் முதல் பதிலுக்குப் பின் கேட்கும் இரண்டாவது கேள்விக்குத்தான் மதிப்பு அதிகம்.

“லோடு எங்கண்ணே இறக்கம்?”

“பெங்களூருங்க.”

“பெங்களூர்ல எந்தப் பக்கம்?”

“அத்திப்பள்ளி தாண்டி, பொம்மசந்திரா.”

முதல் பதிலோடு படிவத்தை மூடிவிட்டால், இந்த லாரி ஓசூரைச் சுற்றிக்கொண்டு பெங்களூர் வெளிவட்டச் சாலையில் போய்விடும் என்று கம்ப்யூட்டர் கணக்கு சொல்லும். நிஜத்தில் அது ஓசூர் வழியாகத்தான் போகும்.

கழிக்க வேண்டியதும் உண்டு. ஒசகோட்டையிலிருந்து ஸ்ரீபெரும்புதூருக்கு 262 கி.மீ. நீளும் பெங்களூர்–சென்னை விரைவுச்சாலை கிருஷ்ணகிரியைத் தொடுவதே இல்லை. அதியமான்கோட்டையில் பிரிந்து பாலக்கோடு, ராயக்கோட்டை வழியாக ஓசூர் போகும் தேசிய நெடுஞ்சாலை 844-உம் கிருஷ்ணகிரியை விட்டு விலகிப் போகிறது. இவை இரண்டும் இழுக்கும் வண்டிகளைக் கழிக்காத திட்ட அறிக்கையில் தேவை எப்போதும் பெரிதாகத்தான் தெரியும்.

பிறகு நிலம். 60 மீட்டர் அகலம் என்றால் கிலோமீட்டருக்கு 6 ஹெக்டேர், கிட்டத்தட்ட 15 ஏக்கர். தேசிய நெடுஞ்சாலைச் சட்டப்படி, நிலம் எடுக்கப் போவதாகச் சொல்லும் 3ஏ அறிவிப்பு வந்தபின் ஆட்சேபணைக்கு 21 நாள். ஓராண்டுக்குள் அதை உறுதிசெய்யும் 3டி அறிவிப்பு வராவிட்டால் 3ஏ காலாவதி. ஒரு உட்பிரிவு எண் விடுபட்டாலும் அந்தத் துண்டுக்குத் திரும்ப முதலிலிருந்து வர வேண்டும். கூட்டுப்பட்டாவில் பங்காளிகள் ஒத்துவராவிட்டால் பணம் கோர்ட்டில் போய் உட்காரும்.

புறம்போக்குக்கு இழப்பீடு இல்லை என்பதால் கோடு ஏரி ஓரமாகவே சாயும். கோடையில் ட்ரோன் பறக்கவிட்டால் வரத்துக்கால்வாய் கண்ணில் படாது. உழுது ராகி விதைத்திருப்பார்கள். நில அளவைத் துறையின் புலப்படத்தில் மட்டும் அந்தக் கால்வாய் இருக்கும். அதைப் பார்க்காமல் சாலைக்கு மண்கரை எழுப்பினால், நல்ல மழை பெய்யும் வருஷம் ஏரி காயும், மேல்பக்கத்துக் கொல்லை முழுகும். சானமாவு பக்கம் யானை கடக்கும் இடங்களை வனத்துறையிடம் கேட்டு முதலிலேயே குறித்துக்கொள்வது நல்லது. பின்னால் சேர்த்தால் பாலத்தின் நீளமே மாறிவிடும்.

கணக்கில் எங்கேயும் வராத ஒரு கூட்டம் இருக்கிறது. சாலையோடு போகிறவர்களை ஏழு நாள் எண்ணுகிறோம். குறுக்கே போகப் போகிறவர்களை யாரும் எண்ணுவதில்லை, சாலையே இன்னும் இல்லையே. போர்வெல் ஒரு பக்கம், மாமரம் மறு பக்கம் என்று தோப்பு பிளந்தால், சொட்டுநீர்க் குழாய்க்கு 600 மி.மீ. ஹியூம் பைப்பைக் கரை போடும்போதே புதைத்தாக வேண்டும். அப்புறம் வேலியிட்ட சாலையை யாரும் வெட்ட விடமாட்டார்கள். சிறு வண்டிகளுக்கான அண்டர்பாஸின் உயரம் 4 மீட்டர். கரை உயரத்தை மிச்சம் பிடிக்கத் தரையைத் தோண்டி இறக்கியிருந்தால் மழைக்குக் குட்டையாகிவிடும். வைக்கோல் ஏற்றிய டிராக்டர் அதில் நுழையாது. பாதி வைக்கோலை இறக்கி வைத்துவிட்டு இரண்டு நடையாகப் போவார்கள், இல்லையென்றால் சர்வீஸ் ரோட்டில் எதிர்த்திசையில், 5.5 மீட்டர் அண்டர்பாஸ் இருக்கும் இடம் வரைக்கும்.